அறுபத்தோராவது இலை

தம்பி,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். உன் அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டால், மூச்சு விடும் சத்தத்திலேயே நான்தான் என்று கண்டுபிடித்து வைத்துவிடுகிறாய். போன வாரம் கடை போனிலிருந்து கூப்பிட்டு, குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, "சார், புது டிசைன் வந்திருக்கு, பாக்கிறீங்களா?" என்றேன். "டைல்ஸ் எதுவும் வேண்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய், பெற்ற அப்பனிடம். ஆகவே வேறு வழியில்லாமல் ஊர் முழுக்கப் படிக்கும்படி எழுதுகிறேன். வியாழக்கிழமைதோறும் வீட்டுக்கு வீடு இலவசமாக வந்து விழும் இந்த விளம்பர இதழில் எனக்கு ஒரு பக்கம் உண்டு என்பது உனக்குத் தெரியும். என் நகைச்சுவைக்காகக் கொடுத்த இடம் என்று நான் நம்புகிறேன். எதிர்ப்பக்கத்தில் என் டைல்ஸ் கடை விளம்பரம் வருவதற்காகக் கொடுத்த இடம் என்று உன் அம்மா நம்புகிறாள். எப்படியோ, ஸ்ரீரங்கத்தில் நீ குடியிருக்கும் மாடிவீட்டு வாசலிலும் இது விழும். நீ எடுக்காவிட்டாலும் கீழ்வீட்டுக்காரர்கள் படித்துவிட்டு உன்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காகவாவது நீ படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை நீயும் நந்தினியும் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொள்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் சாப்பாடு. உன் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாய். உன் அம்மாவின் தங்கையைக் கூப்பிட்டிருக்கிறாய். எதிர்வீட்டு ரிட்டயர்டு ஆசிரியரை, அவர் உன் பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல மாட்டார், அவரையும் கூப்பிட்டிருக்கிறாய். என்னைக் கூப்பிடவில்லை. உன் அம்மா மாம்பழக் கலர் பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டே நான் காபி குடிக்கிறேன். "நானும் வரட்டுமா?" என்று கேட்டேன். "கூப்பிட்டா வாங்க" என்றாள். முப்பது வருஷம் சேர்ந்து குடித்தனம் செய்தவள் பேசுகிற பேச்சா இது? தம்பி, நான் வேடிக்கைக்காக எழுதவில்லை. எனக்கு அழுதுகொண்டே எழுத வராது, இப்படித்தான் வரும். 

என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கும் சேர்த்து முதலிலிருந்து சொல்கிறேன், என் முட்டாள்தனம் தொடங்கிய இடத்திலிருந்தே. பள்ளிக்கூடத்தில் எனக்குப் புரிந்த ஒரே கணக்கு மீப்பெரு பொது வகுத்தி. இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கக்கூடிய மிகப் பெரிய எண். உன் புத்தகத்தில் அதற்கு மீப்பெரு பொதுக் காரணி என்று வேறு பெயர் போட்டிருந்தார்கள். அல்ஜிப்ரா ஓடிப்போயிற்று, ஜியோமெட்ரி எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போயிற்று, இது மட்டும் ஒட்டிக்கொண்டது. தில்லைநகரில் டைல்ஸ் கடை போட்ட பிறகு அதுவே எனக்கு மதமாகிவிட்டது. பதினான்கு அடிக்குப் பத்தடி ஹால். வெட்டே விழாமல் போடக்கூடிய பெரிய சதுர டைல் எது? இரண்டடி. நீளத்தில் ஏழு, அகலத்தில் ஐந்து, மொத்தம் முப்பத்தைந்து. ஒரு துண்டு வீணில்லை. வந்தவர் டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவேன். "சார் கம்ப்யூட்டர் மாதிரி" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு முழுக்க எனக்குப் பசிக்காது.

நீ ஆறாம் வகுப்பில் இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, உனக்குக் கண்ணால் காட்டிப் புரியவைக்கிறேன் என்று நாற்பத்தெட்டு சின்ன லட்டும் முப்பத்தாறு சின்ன முறுக்கும் வாங்கிக்கொண்டு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? எல்லாருக்கும் சமமாக, எதுவும் மிஞ்சாமல், அதிகபட்சம் எத்தனை பேருக்குக் கொடுக்கலாம்? பன்னிரண்டு பேருக்கு. ஆளுக்கு நான்கு லட்டு, மூன்று முறுக்கு. விடையை மனதில் வைத்துக்கொண்டு உன்னைக் கணக்கிடச் சொல்லிவிட்டுச் சட்டை மாற்றப் போனேன். திரும்பி வந்தால், விடை ஒன்று என்கிறாய். எப்படிடா ஒன்று வரும் என்று கத்தினேன். எண்ணிப் பார்த்தால் நாற்பத்தேழு லட்டு. நாற்பத்தேழுக்கும் முப்பத்தாறுக்கும் பொதுவாக ஒன்றைத் தவிர வேறு எதுவும் கிடையாது. உன் கடைவாயில் மஞ்சளாக ஒரு பூந்தி ஒட்டிக்கொண்டிருந்தது. "ஒண்ணுன்னா ஒரே ஒரு ஆளுக்கு எல்லாத்தையும் குடுக்கலாம். அப்ப எல்லாம் எனக்கேவாப்பா?" என்று கேட்டாய். உன் அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஒரே ஒரு லட்டு குறைந்தால் இவ்வளவு பெரிய கணக்கு இப்படிப் பொத்தென்று விழுகிறதே என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அன்றிலிருந்து எண்ணிக்கையில் யாரும் கைவைக்க விட்டதில்லை.

இந்தப் பயத்துக்கு நம் கே.கே. நகர் வீட்டு ஹாலே சாட்சி. நீளம் பதினான்கடி சரியாக வந்தது, கட்டிய மேஸ்திரி ஏமாற்றியதில் அகலம் மட்டும் பத்தடி நாலங்குலம் வந்துவிட்டது. அங்குலத்தில் சொன்னால் நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்று இருபத்துநான்கு. பெரியதைச் சிறியதால் வகுத்தேன், மீதி நாற்பத்துநான்கு. அந்த மீதியால் சிறியதை வகுத்தேன், மீதி முப்பத்தாறு. இப்படியே ஒவ்வொரு மீதியையும் அடுத்த வகுத்தியாக்கிக்கொண்டு போனால் எட்டு வந்தது, அதற்கப்புறம் நான்கு வந்தது, நான்கு எட்டை மீதியில்லாமல் வகுத்தது. விடை நான்கு. அதாவது நாலங்குலச் சதுரத்தில் ஆயிரத்து முந்நூற்று இரண்டு டைல். "இது என்ன ஹாலா, தாயக்கட்டமா?" என்று உன் அம்மா கேட்டாள். சரி, இரண்டடி டைலே போடலாம், ஓரத்தில் வெட்டிப் போடலாம் என்றார்கள் எல்லாரும். என் வீட்டில் வெட்டு டைலா? மாட்டேன் என்றேன். சுவரோரம் நாலங்குலத்துக்கு வெறும் சிமென்ட்டாகவே விட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் தரை போடுகிறவன் வீட்டில் எறும்புகளுக்கு என்று தனியாக ஒரு ரோடு. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி நடிப்பார்கள். நீ சின்ன வயதில் அதில் கார் ஓட்டி விளையாடினாய். அதனால் அது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை.

அப்படிப்பட்ட நான், உன் நிச்சயதார்த்தத்தில் பந்திப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நந்தினியின் அம்மா ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். அந்தப் பக்கத்தில் யாரும் வெங்காயம், பூண்டு தொடமாட்டார்கள். நம் ஆட்களுக்கு வெங்காயம் இல்லாத சாம்பார் என்றால் காய்ச்சல்காரன் சாப்பாடு. ஆகவே இரண்டு சாம்பார், இரண்டு வாளி. பரிமாறுகிறவர்கள் குழம்பாமலிருக்க ஒரு வரிசைக்கு ஒரே வாளி என்று வைத்தேன். "எங்க பக்கம் அறுபது பேர்" என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். நம் பக்கத்தை எண்பத்துநான்கில் நிறுத்தினேன். எண்பத்துநான்குக்கும் அறுபதுக்கும் மீப்பெரு பொது வகுத்தி பன்னிரண்டு. வரிசைக்குப் பன்னிரண்டு இலை. நமக்கு ஏழு வரிசை, அவர்களுக்கு ஐந்து வரிசை. ஒரே பந்தி, ஓர் இலை காலியில்லை, ஓர் ஆள் நிற்கவில்லை. எனக்கு ஆனந்தத்தில் தூக்கமே வரவில்லை.

எண்பத்துநான்கைக் கட்டிக் காப்பாற்ற நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. உப்பிலியபுரத்தில் இருக்கும் உன் அத்தையை உனக்குத் தெரியும். நாலு பேர் வருகிறோம் என்று சொல்லிவிட்டு ஒரு வேன் ஆட்களோடு வந்து இறங்குகிறவள். "இந்தா பாரு, அஞ்சாவது ஆள் வந்தா பஸ் ஸ்டாண்டுலயே நிக்க வேண்டியதுதான்" என்று போனில் சொன்னேன். "எங்கண்ணன் வீட்டு விசேஷத்துக்கு எனக்கே ரேஷனா?" என்று அழுதாள். கோபத்தில் அவள் மாப்பிள்ளையை வரவிடாமல் செய்துவிட்டாள். அதனால் அன்றைக்குக் காலையில் நம் பக்கம் எண்பத்துமூன்று. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் வேன் டிரைவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து ஏழாவது வரிசையில் உட்காரவைத்தேன். "சார், எனக்கு இன்னிக்கு விரதம்" என்றார் பாவம். "சும்மா உக்காந்திருங்க, போதும்" என்றேன். எண்பத்துநான்கு. கணக்கு மறுபடியும் சரியாகிவிட்டது.

அப்போதுதான் அவர் வந்தார். வெள்ளை வேட்டி, கசங்கிய முழுக்கைச் சட்டை, தோளில் பூவன் வாழைத்தார் ஒன்று. அதை ஸ்டோர் ரூமில் இறக்கி வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து கும்பிட்டார். "வணக்கங்க. நான் துரைராஜ். நந்தினியோட அப்பா." தொட்டியத்தில் வாழை போடுகிறவர். நந்தினி சின்னப் பெண்ணாக இருக்கும்போதே மனைவியோடு பேச்சுவார்த்தை முறிந்து, அவர் அங்கேயும் இவர்கள் ஸ்ரீரங்கத்திலுமாகப் பிரிந்துவிட்டார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். நந்தினி யாருக்கும் சொல்லாமல் கூப்பிட்டிருக்கிறாள். சம்பந்தியம்மா சொன்ன அறுபதில் அவர் இல்லை. தம்பி, ஒரு மனிதர் கைகூப்பி நின்றபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? மனதுக்குள் வகுத்துக்கொண்டிருந்தேன். எண்பத்துநான்கை அறுபத்தொன்றால் வகுத்தால் மீதி இருபத்துமூன்று. அறுபத்தொன்றை இருபத்துமூன்றால் வகுத்தால் பதினைந்து. அப்புறம் எட்டு, ஏழு, ஒன்று. பொது வகுத்தி ஒன்று. மறுபடியும் அந்த லட்டு. அதோடு இன்னொரு சிக்கல். ஆள் அந்தப் பக்கம், ஆனால் நம்மைப் போல வெங்காயம் சாப்பிடுகிறவர், அதுவும் நீ சொன்னதுதான். எந்த வரிசையில் எந்த வாளியில் போடுவது?

"கொஞ்சம் இருங்க, அடுத்த பந்தியில பாத்துக்கலாம்" என்றேன். அடுத்த பந்தியே கிடையாது. ஒரே பந்தியில் முடித்துவிடுகிறேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். சமையல்காரர்கள் கடைசியில் உட்கார்ந்து சாப்பிடுவார்களே, அதைத்தான் சொல்லியிருக்கிறேன். "சரிங்க" என்று சொல்லி, கையைக் கழுவிவிட்டு, ஈரக் கையை எதிலும் படாமல் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். நான் வரிசைகளுக்கு நடுவே ராஜா மாதிரி நடந்துகொண்டிருந்தேன். சாம்பார் போயிற்று, ரசம் போயிற்று. பாயசம் வந்தபோது அவர் என்னிடம் வந்து, "இருக்கட்டுங்க, பசியில்ல. பஸ்ஸைப் பிடிக்கணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் முதுகு வாசலைத் தாண்டுவதை நந்தினி பார்த்துவிட்டாள். பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்தாள். "எங்கப்பா சாப்பிட்டாரா, மாமா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "இல்லம்மா, அறுபத்தொண்ணுன்னா வரிசை சரியா வராது" என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் என்னைக் கையால் நிறுத்தவில்லை, கத்தவில்லை. முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "எங்கப்பா மீதியா?" என்றாள். அவ்வளவுதான். வாசலுக்கு ஓடினாள். அதற்குள் அவர் போய்விட்டார்.

நீயும் எழுந்தாய். எச்சில் கையோடு என் எதிரில் வந்து நின்றாய். "வேன் டிரைவருக்கு இலை இருக்கு. பொண்ணோட அப்பாவுக்கு இல்ல. அப்படித்தானேப்பா?" நான் அப்போதும் வாயை மூடவில்லை. சம்பந்தியம்மாதான் அறுபது என்றார் என்று சொன்னேன். நீ ரொம்ப மெதுவாகச் சொன்னாய்: "கல்யாணத்துக்கு நீங்க வர வேணாம்ப்பா. உங்களைச் சேர்த்தா கணக்கு சரியா வராது." அன்றைக்கு அது எனக்குக் கோபத்தில் சொன்ன பேச்சாகத்தான் பட்டது. மறுநாள் நீ உன் துணிகளை இரண்டு பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு வீடு பார்த்துப் போனபோதுதான் உண்மை என்று தெரிந்தது.

அதற்கப்புறம் நடந்ததைக் கேள். உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், பேசாமலே இருந்திருக்கலாம். "பன்னெண்டு வரிசை, வரிசைக்குப் பன்னெண்டு இலை. சரி. ஏழு வரிசை நம்மாளு, அஞ்சு வரிசை அவங்கன்னு ஏன் பிரிச்சீங்க? ஒவ்வொரு வரிசையிலயும் நம்மாளு ஏழு பேரு, அவங்க அஞ்சு பேருன்னு கலந்து உக்கார வெச்சிருந்தாலும் அதே பன்னெண்டு வரிசை, அதே இலைதானே?" விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அதே எண்பத்துநான்கு, அதே அறுபது, அதே பன்னிரண்டு. யார் பக்கத்தில் யார் என்பது மட்டும்தான் வேறு. பாடப் புத்தகத்திலேயே இரண்டு விதமாகவும் கணக்கு உண்டு. பழங்களைக் கலக்காமல் கூடையில் அடுக்கு என்று ஒன்று, எல்லாவற்றையும் கலந்து பையில் போடு என்று ஒன்று. லட்டையும் முறுக்கையும் ஒரே ஆளுக்குக் கொடுக்கத் தெரிந்த எனக்கு, நம் ஆட்களையும் அவர்களையும் ஒரே வரிசையில் வைக்கத் தோன்றவில்லை. "ரெண்டு வாளி தூக்கணுமே" என்று முனகினேன். "தூக்கினா கை ஒடிஞ்சிருமா?" என்றாள். "சரி, அறுபத்தொண்ணாவது ஆளுக்கு என்ன பண்றது?" என்று கேட்டேன், அப்போதும் விடாமல். "நாலு பேரைக் கொஞ்சம் நகரச் சொல்லி நடுவுல ஒரு இலை போடறது. இலை என்ன உங்க டைலா, நகராம இருக்க?"

உன் அம்மா பெரிய பேச்சுக்காரியல்ல. அதைச் சொல்லிவிட்டு முருங்கைக்கீரை உருவப் போய்விட்டாள். ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பொது வகுத்தி ஒன்றுதான். அதற்கு என்ன பொருள் என்று யோசித்திருக்கிறாயா? வரிசைக்கு ஒரே ஓர் ஆள். அவள் சமையலறையில் நின்றுகொண்டு சாப்பிடுகிறாள். நான் ஹாலில் எறும்பு ரோட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன். நீ ஸ்ரீரங்கத்தில் எங்கே சாப்பிடுகிறாய், என்ன சாப்பிடுகிறாய், தெரியாது. தினமும் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுக் காவிரிப் பாலம் தாண்டி வந்துவிடுகிறேன். உன் வீதி முனையில் பால் கடைக்கு எதிரே நிற்கிறேன். தெரிந்தவர்கள் பார்த்தால் பெருமாளைச் சேவிக்க வந்தேன் என்கிறேன். ஒரே மாதத்தில் எனக்குப் பெரிய பக்திமான் என்று பெயர் வந்துவிட்டது. "உங்க கண்ணுல ஒரு உருக்கம் தெரியறது, சுவாமி" என்றார் ஒருவர். உன் மாடியில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துப் பார்த்து வந்த உருக்கம் அது. ஒரு நாள் நீ பால்கனிக்கு வந்து துண்டு காயப்போட்டாய். மெலிந்துவிட்டாய். நான் மின்கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். என் தொப்பைக்கு எந்தக் கம்பம் போதும்? நீ பார்த்தாய் என்றுதான் நினைக்கிறேன். பார்த்துவிட்டு உள்ளே போனாய்.

போன ஞாயிற்றுக்கிழமை தாங்க முடியாமல் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறித் தொட்டியம் போனேன். விசாரித்து விசாரித்து அவர் தோட்டத்தைக் கண்டுபிடித்தேன். தார் வெட்டிக்கொண்டிருந்தவர், அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க சம்பந்தி" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் மனப்பாடம் செய்துகொண்டு போன மன்னிப்பு முழுக்க மறந்துவிட்டது. "அன்னிக்கு நான் பண்ணது..." என்று தொடங்கினேன். "வெயில்ல நிக்காதீங்க, முதல்ல சாப்பிடுங்க" என்று மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். நுனி இலை ஒன்றை அறுத்துக் கழுவிப் போட்டார். தூக்குச்சட்டியில் சோறு, சின்ன வெங்காயக் குழம்பு. ஒரே இலை. "நீங்களும் உக்காருங்க" என்றேன். முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், "நீங்க சாப்பிடுங்க. நான் அடுத்த பந்தி" என்றார்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவர் லேசாகச் சிரித்தார். "கோவம் இல்லாம இல்லைங்க. எம்பொண்ணு கூப்பிட்டாளேன்னு வந்தேன். கையைக் கழுவிட்டு நின்னேன். காஞ்சு போச்சு. சரி, இப்பக் கூப்பிடுவாங்கன்னு மறுபடி கழுவினேன். அதுவும் காஞ்சு போச்சு. மூணாவது வாட்டி குழாயைத் தெறக்கிறப்ப, இது நல்லாயில்லேன்னு தோணுச்சு." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எச்சில் கையால் பிடித்துவிட்டேன் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு நந்தினி அவரைக் கூப்பிட்டிருக்கிறாள் என்றும், வருகிறேன் என்று அவர் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்றும் சொன்னார். "நீங்க வர்றீங்கல்ல?" என்று கேட்டார். "என்னைக் கூப்பிடலைங்க" என்றேன். இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். "அப்ப நானும் வரலைங்க. தனியா வந்தா அந்தம்மாவுக்கு எதிர்ல கொண்டுபோய் உக்கார வெச்சுருவாங்க. எனக்குப் பேச வராது. நீங்கன்னா ஓயாம பேசிட்டே இருப்பீங்க, எனக்கு வேலை மிச்சம்." என் வாயை ஒருவர் தகுதியாகச் சொன்னது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் கடையிலிருந்து வெட்டும் மிஷினை எடுத்துவந்து ஹாலில் உட்கார்ந்தேன். ஆளை வைத்துச் செய்யவில்லை. நானே அளந்து, நானே வெட்டி, அந்த நாலங்குலத்தை நானே அடைத்தேன். ஒரு துண்டு கோணல். ஒன்று மூலையில் உடைந்துவிட்டது, அதையும் ஒட்ட வைத்துவிட்டேன். எறும்புகள் இரண்டு நாள் திகைத்துப்போய்ச் சுற்றின. உன் அம்மா வந்து நின்று பார்த்தாள். "கேவலமா இருக்கு" என்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வந்து ஹாலில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். தம்பி, இந்தக் கணக்கை எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். பெரியதைச் சிறியதால் வகு, மீதியை எடுத்து அதனால் வகு என்று வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். மீதியைத் தள்ளிவிட்டால் அடுத்த படிக்கே போக முடியாது. நம் ஹாலுக்கு விடையாக வந்த அந்த நான்கே கடைசியாக மிஞ்சி நின்ற மீதிதான். அது இத்தனை வருஷமாக என் காலுக்கடியில் கிடந்தது, நான் அதன் மேல் நடந்துகொண்டிருந்தேன். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான். நாளைக்கு உன் வீட்டில் யாராவது எண்ணிக்கைக்கு வெளியே வந்து நின்றால், எண்ணுவதை நிறுத்து. நீ நிறுத்துவாய். அன்றைக்கு இலையை விட்டு எழுந்தவன்தானே நீ. நான்தான் அதை உன்னிடமிருந்து கற்றுக்கொள்ள இவ்வளவு தாமதமாகிவிட்டது.

நந்தினிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "உன் அப்பா மீதியில்லை அம்மா, மீதி நான்தான்" என்று அவளிடம் நேரில் சொல்ல வேண்டும். கேட்க அவளுக்கு மனதில்லை என்றால் நீ சொல். இதைத் தவிர எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. முன் வரிசையில் இடம் வேண்டாம். பந்தியில் மூக்கை நுழைக்கமாட்டேன். வாளி தூக்கச் சொன்னால் இரண்டு வாளியையும் தூக்குகிறேன். மொத்தம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று உன் அம்மாவிடம் கேட்கவே இல்லை. கேட்டால் வகுத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். ஆனால் நீ கூப்பிடாவிட்டால் அவரும் உட்காரமாட்டார். நந்தினி மறுபடி வாசலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். அதற்கும் நானே காரணமாகிவிடுவேனோ என்றுதான் எனக்குப் பயம்.

அவரை எப்படியோ பேசிப் பேசிச் சம்மதிக்கவைத்துவிட்டேன். உள்ளே வருவதற்கு இல்லை, வாசல்வரை வருவதற்கு. ஞாயிற்றுக்கிழமை இலை போடுகிற நேரத்துக்கு, மண்டப வாசலில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நிற்போம். ஒருவர் தோளில் பூவன் தார் இருக்கும், இன்னொருவர் பேசிக்கொண்டே இருப்பார். உள்ளே எட்டிப் பார்க்கமாட்டோம். யாரையும் கேட்கமாட்டோம். இரண்டு பேரும் கையைக் கழுவிவிட்டு, எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

காய்வதற்குள் கூப்பிடு, தம்பி.